அம்மா கையில் சிவப்பு அம்புகள்

எங்கள் அம்மாவின் கண்ணுக்கு ஒரு குறையும் தப்பாது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். ஒரு தையல் தாவியிருந்தாலும், தோலில் கடுகளவு கீறல் இருந்தாலும், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வாராம்.

வம்பு என்னவென்றால், அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. சாயங்காலம் அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செக்கிங் மேஜைக்கு நான் வந்துவிடுவேன். என் இரண்டு ஜடையையும் முன்னால் இழுத்துப் போட்டு, "ஜோடி சேரல பாரு, இது ஏறி இருக்கு" என்பாள். கையெழுத்து சாய்கிறது, யூனிஃபார்ம் மடிப்பு கலைந்திருக்கிறது, சிரிக்கும்போது வாய் ஜாஸ்தி திறக்கிறது. அடிக்க மாட்டாள், திட்டவும் மாட்டாள். சொல்வாள், அவ்வளவுதான்.

நான்காம் வகுப்பில் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். என் கணக்குப் பரீட்சைத் தாளை மேஜைமேல் விரித்தார். விடைகளைவிட ஓட்டைகள்தான் அதிகம். ரப்பரால் தேய்த்துத் தேய்த்தே கிழித்திருந்தேன். பாதிக்குமேல் வெறும் தாள்.

"எல்லாம் தப்பா போட்டுட்டாளா டீச்சர்?" என்று அம்மா கேட்டாள்.

"தப்பா போட்டாகூட பரவால்லம்மா. சரியா போட்டதைத்தான் அழிச்சிருக்கா. ஏன்னு கேட்டா, எப்டியும் தப்பாத்தான் இருக்கும்ன்றா. இப்டியே போனா எழுதறதையே உட்டுடுவா."

உண்மைதான். என்னிடமிருந்து எது வந்தாலும் அதில் ஒரு அம்பு ஒட்ட இடம் இருக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அழித்துவிட்டால் தொல்லை இல்லை பாருங்கள்.

வீடு வரும்வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள், பாதி தீர்ந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள்.

"நான் நொட்டை சொன்னா ஒன்னு பிச்சி என் கைல ஒட்டிடு. உடாத. கெட்ட பழக்கம்டி இது, எனக்கே தெரியாம வருது."

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குள் முழங்கைவரை பதினோரு அம்புகள். "காபி ஆறிப்போச்சுன்றதும் நொட்டையா? நான் காபியைச் சொன்னேன்டி!" என்று கெஞ்சிப் பார்த்தாள். விடுவேனா? நானும் அவள் மகள்தானே, ஒட்டிவிட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, "இன்னா, இந்த வருஷம் மருதாணி வாணாமா?" என்று சிரித்தார். அம்மா ஒன்றையும் பிய்த்துப் போடவில்லை. அப்படியே கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். கேட்டவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு என்னைச் செக் பண்றா" என்றாளாம். தையல் லைனே பயப்படும் செக்கர், அத்தனை பேர் நடுவில், திருப்பி அனுப்பவேண்டிய ஷூ மாதிரி கையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறாள். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பழக்கம் அவளை லேசில் விடவில்லை. ஒரு நாள் வெள்ளைச் சட்டையில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டு வந்தேன். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், விடுவிடுவென்று சமையலறைக்குள் போய்க் குக்கரைப் பார்த்து, "புதுச் சட்டைடி! இன்னா பேஜார் இது!" என்று கத்திவிட்டு வந்தாள். குக்கரைத் திட்டினால் ஒட்டலாமா கூடாதா என்று நானும் அப்பாவும் வெகுநேரம் வாதாடினோம். நடுவில் ஒரு வாரம் பழையபடி கை முழுக்கச் சிவப்பு, அம்மா அழுதேவிட்டாள். ஆனால் சுருளை என்னிடமிருந்து வாங்கி வைக்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் ரப்பரைத் தொடவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஓட்டை விழவில்லை. கடைசிக் கணக்குவரை எழுதினேன். மூன்று தப்பு. திருத்தி வந்த தாளை நீட்டிவிட்டு, சுருளோடு தயாராக நின்றேன். அம்மாவின் விரல் பழக்க தோஷத்தில் நேராக முதல் தப்புக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கிக் கடைசிக் கணக்கில் வந்து உட்கார்ந்தது.

"எல்லாத்தையும் எழுதிட்டியே!" என்றாள். கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினாள்.

அதன்பிறகு அம்பே விழாத நாட்கள் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கம்மா கைல ஒரு அம்புகூட இல்ல, நான் அவ்ளோ நல்லா மாறிட்டேன்" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். என் கையெழுத்து அப்போதும் சாய்ந்துதான் இருந்தது. வீட்டில் உண்மையில் மாறியது யார் என்பது அந்த வயதில் என் புத்திக்கு எட்டவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்குத் தெரியாதா என்ன? அத்தனை பெரிய தப்பைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே, "ஆமா, ரொம்ப மாறிட்டா" என்று தலையாட்டினாள்.