டிக்கியில் வழுக்கிய சாம்பார் வாளி

தாராவியில் இட்லி அவித்து, எங்கள் பழைய காரின் டிக்கியில் ஏற்றி, செம்பூர் அலுவலகங்களுக்குக் கொண்டுபோகிறோம். டிக்கிக்குள் துருப்பிடித்ததால் என் கணவர் பட்டறையில் விட்டுப் புதுப் பூச்சு அடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது.

மறுநாளே குர்லா சிக்னலில் ஒரு ரிக்‌ஷா குறுக்கே புகுந்தது. அவர் பிரேக் போட்டதும் சாம்பார் வாளி வழுக்கிக் கவிழ்ந்தது. அன்று எல்லாருக்கும் சட்னி மட்டும்தான்.

"இத எதுக்கு அடிச்சீய?" என்று கத்தினேன்.

"ஏட்டி, தெனமும் குனிஞ்சு நீதான தேய்க்குத? ஒனக்கு லேசா இருக்கட்டும்னு பாத்தேன்" என்றார்.

அடுத்த முறை தண்ணீர் நிறைத்த வாளியோடு பட்டறைக்குப் போனோம். மாதிரித் தகடுகளில் வைத்துச் சாய்த்துப் பார்த்து, மணல்போல் சொரசொரப்பான பூச்சையே தேர்ந்தெடுத்தோம். இப்போது வாளி அசைவதில்லை. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவத்தான் நேரமாகிறது. ஆனால் அந்தப் பிரஷ்ஷை அவர் என் கையில் கொடுப்பதே இல்லை.