பின்கதவுப் பூட்டும் ஒற்றை முகவரியும்

தையல் ஆலையின் பெண்கள் விடுதியில் நெட் பெட்டியான ரவுட்டரைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் அவளுக்கு ரவுட்டரக்கா என்று பெயர். நெட் போனால் முதல் திட்டு அவளுக்கு. வந்தால் நன்றி சொல்ல ஆள் கிடையாது.

விடுதிக்குப் புது இணைப்பு வந்தபோது அவள் சொன்னது எளிய யோசனை. உள்ளே எத்தனை போன் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே இணைய முகவரி. வரும் பதிலை உரியவளுக்குப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர் பாடு. மேலாளர் முகத்தைச் சுளித்தார்.

"எல்லாரையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டா எவ என்ன பண்றான்னு எப்படிம்மா தெரியும்? ஆளுக்கொண்ணு குடு."

"அத்தன முகவரி நம்மகிட்ட இல்ல சார்."

"இருக்கறத மாத்தி மாத்திக் குடு. இதையும் நானே சொல்லணுமா?"

கொடுத்தாள். நெட்டுக்குள் நுழைபவளுக்கு ஒரு முகவரி. அவள் வெளியேறியதும் அதுவே அடுத்தவளுக்கு.

விடுதியின் பின்கதவை இரவில் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். தீப்பிடித்தால் எங்கள் கதி என்ன என்று யாரோ ஒருத்தி அரசின் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு விடுதி நெட்டிலிருந்து பெயரில்லாமல் புகார் எழுதினாள். ரகசியம் காப்போம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கும் அலுவலகம், புகாரை அது கிளம்பிய இணைய முகவரியோடு மேலாளரின் மேசைக்கே அனுப்பியது. யார்மேல் புகாரோ அவர் கையிலேயே!

எழுதியது யார் என்று மேலாளர் ரவுட்டரக்காவின் பின்னால் வந்து நின்று அவசரப்படுத்தினார். ரவுட்டரின் பட்டியலில் அந்த முகவரிக்கு நேரே இருந்தவள் யாரென்று அவள் வாசித்துவிட்டாள்: இஸ்திரிப் பிரிவுக்காரி. வாசித்த வாய் மூடுவதற்குள் தப்பு புரிந்தது. பட்டியல் காட்டுவது இப்போது அந்த முகவரி யாரிடம் இருக்கிறது என்பதை. புகார் போன அன்று யாரிடம் இருந்ததோ! பழையதைச் சேமித்து வைக்கும்படி அவள் அமைக்கவே இல்லை.

"சார், தப்பாச் சொல்லிட்டேன். இது இப்ப யாருன்னுதான் காட்டுது. அன்னிக்கு வேற யாராவது இருந்திருக்கலாம்."

"யாரா இருந்தா என்னம்மா? ஒருத்தி போனா மத்தவளுங்க வாயப் பொத்திக்குவாளுங்க."

மறுநாள் இஸ்திரிக்காரி வேலை போய்ப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"எம் பொண்ணு மொகத்தப் பாக்கத்தானேக்கா நெட்டப் போட்டேன். நீயா சொன்ன?"

"ஆமா."

"நல்லா இரு அக்கா." அது வாழ்த்து அல்ல.

அன்றே, யாரையும் கேட்காமல், ரவுட்டரக்கா எல்லோரையும் ஒரே முகவரிக்குள் போட்டாள். பிறகு தன் போனிலிருந்து அதே பூட்டைப் பற்றி இன்னொரு புகார் எழுதினாள். அதுவும் மேலாளர் மேசைக்கே வந்தது.

"இது எவ?"

"விடுதி மொத்தமும் சார். முடிஞ்சா எல்லாரையும் அனுப்புங்க."

அவர் பல்லைக் கடித்தார். பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அன்று பின்கதவு அகலத் திறந்திருந்தது. காபி குடித்து, திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். இரவு மறுபடி பூட்டு விழுந்தது.

இஸ்திரி மேசைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். போனை நீட்டியபடி கேட்டாள்:

"அக்கா, இங்க நெட்டு எப்படிப் போடறது?"