ஏழாம் பக்கத்துப் பொடி எழுத்து

உலகம் எப்போது அழியும் என்று போடிநாயக்கனூரில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால், காலை ஐந்தரை மணிக்கு ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்ச் சுருளிவேலைக் கேட்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்தச் சேதி அவர் பெட்டிக்கடை முகப்பில்தான் தொங்குகிறது. பேப்பர் கட்டோடு வரும் போஸ்டரைப் பிரித்து, கம்பித் தட்டியில் துணிக் கிளிப்பைப் போட்டு மாட்டிவிட்டு அவர் நிமிர்வதற்குள், ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள் ஜீப்பில் இடம் பிடித்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். பாதிப் பேருக்குப் படிக்க வராது. வராவிட்டால் என்ன, எழுத்து சிவப்பாக இருந்தால் சங்கதி உலகத்தைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும்.

“என்னண்ணே, இன்னிக்காச்சும் போய்ருமா, இல்ல நாளைக்கும் காயெடுக்கப் போகணுமா?” என்பாள் தேவாரம் ஊர்க்காரி ஒச்சம்மாள்.

“நாளைக்கும் சோலி உண்டுத்தா. வெரசா ஏறு” என்பார் சுருளிவேல்.

அவருக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவர். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டுப் பார்த்தார். கிணறு வற்றியது, போர் போட்டால் வெள்ளைப் புழுதிதான் வந்தது. கும்பிடு போட்டுவிட்டு டவுனுக்கு வந்து பீடி, வெற்றிலை, பேப்பர் என்று உட்கார்ந்துவிட்டார். மனைவி சுந்தரம்மாளும் காயெடுப்புக்குப் போகிறவள்தான், அவளுக்கும் படிக்க வராது. காலையில் தூக்குவாளியோடு கடைக்கு வருவாள், பலகைக்கு அடியில் கிடக்கும் பழைய போஸ்டர்களில் மேலாக ஒன்றை உருவி மடித்துக்கொள்வாள். மலையில் எந்நேரமும் தரை ஈரமாக இருக்கும். மத்தியானம் சோறு தின்ன உட்கார ஒரு விரிப்பு வேண்டாமா? உலகம் அழியுமா என்று கேட்டவன் காகிதத்தின் மேல் உட்கார்ந்துதான் அவள் இத்தனை வருஷமாகச் சாப்பிட்டாள்.

இந்தப் பேப்பர்காரர்களைச் சொல்ல வேண்டும். ஒன்றையும் முடித்துச் சொல்ல மாட்டார்கள். அழியுமா, மூளுமா, தப்புமா, நிபுணர்கள் அதிர்ச்சி. எந்த நிபுணர், என்ன அதிர்ச்சி என்று காசு கொடுத்து வாங்கி உள்ளே பார்த்தால் அங்கேயும் ஒரு எழவும் இருக்காது. டிசம்பர் இருபத்தொன்றோடு உலகம் முடிகிறதா என்று ஒரு வருஷம் போட்டான் பாருங்கள், ஜீப் டிரைவர் மகாராஜன் சாமிக்கு நேர்ந்துவிட்ட கடாவை அறுத்துத் தெருவுக்கே சோறு போட்டுவிட்டார். உலகமே போகிறபோது கடாவை யாருக்காக நிறுத்திவைப்பது என்பது அவருடைய நியாயம். மறுநாள் விடிந்தது. உலகம் இருந்தது, ஜீப் இருந்தது, சாமியும் இருந்தது, கடாதான் இல்லை. சாமிக்குப் பதில் சொல்ல வேறு கடா வளர்த்து முடிக்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

ஒச்சம்மாளின் கணவனைச் சோளக்காட்டில் யானை மிதித்துக் கொன்ற மறுநாள், நிலாவில் மனிதன் குடியேறுவானா என்று போஸ்டரில் போட்டிருந்தான். ஒச்சம்மாள் வீட்டுச் சாவு ஏழாம் பக்கத்தில், கண் சிகிச்சை முகாம் அறிவிப்புக்குக் கீழே நாலே வரி. வயதில் வேறு ஐந்தைக் கூட்டிப் போட்டிருந்தான்.

அன்றைக்குத்தான் சுருளிவேல் ஒரு சட்டம் போட்டார். “இந்தாருங்கத்தா, போஸ்டர்ல முழ நீளத்துக்குப் போட்டான்னா அது நடக்காது. நடந்து முடிஞ்சதெல்லாம் உள்ள ஏழாம் பக்கத்துல பொடி எழுத்துல கெடக்கும். நம்ம சங்கதியெல்லாம் அங்கனதான்.”

பெண்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். படிக்க வராதவர்களுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? எழுத்தின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதும். “சாண் இருக்குடி, பயமில்ல, ஏறு” என்று ஏறிப் போனார்கள். கொரோனா வந்தபோது, “என்னண்ணே, பெருசாப் போட்டது நடந்துருச்சே?” என்று மடக்கினார்கள். சுருளிவேல் அசரவில்லை. “மொதமொத எங்க வந்துச்சு? சீனாவுல மர்மக் காய்ச்சல்னு ஏழாம் பக்கத்துல ரெண்டு வரி. நடக்கப்போறதுன்னா அங்கனதான் மொதல்ல வரும்” என்றார். சரிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் சுந்தரம்மாள். வீட்டுக்காரர் போட்ட சட்டம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர்களுக்கு ஒரே மகன், கார்முகில். மலைக்கும் போக மாட்டேன், கடையிலும் உட்கார மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று கப்பல் வேலைக்குப் படித்தான். சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. கப்பலின் பேர் ‘கோல்டன் சாரா’. சுந்தரம்மாளுக்கு அதில் பாதிதான் வாயில் நுழைந்தது. போனில் பேசும்போதெல்லாம், “சாரா என்னடா சொல்றா? ஒழுங்காச் சோறு போடுறாளா?” என்பாள். அவன் சிரிப்பான். “சாராவுக்கு ஏலக்கா டீ வேணுமாம்த்தா” என்பான். வரும்போது அரைக் கிலோ கொண்டு போகச் சொல்லு, முதல் தரம் தருகிறேன் என்று இவள் சொல்வாள்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுருளிவேல் வழக்கம்போலப் போஸ்டரைப் பிரித்தார். கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு தட்டியில் வைத்துப் பார்த்தார். ‘ஏவுகணையில் சிக்கியது கோல்டன் சாரா! 14 தமிழர் கதி என்ன?’

கிளிப் கீழே விழுந்தது. பேப்பரை விரித்தார். கப்பல் தீப்பிடித்திருக்கலாம், படகில் ஏறித் தப்பியிருக்கலாம், யாராவது பிடித்துக்கொண்டு போயிருக்கலாம், மூன்றாம் உலகப் போருக்கே இது காரணமாகலாம் என்று பத்தி பத்தியாகப் போட்டிருந்தான். இருபத்தாறு வருஷமாக இந்த ‘லாம்’களை விற்றுத்தான் அவர் சாப்பிட்டார். என் பிள்ளை இருக்கிறானா இல்லையா, அதை ஒரு வரியில் சொல்லேன்டா பாவி என்று அன்றைக்குத்தான் அவருக்குக் கதறத் தோன்றியது.

சுந்தரம்மாள் தெருமுனையில் வருவது தெரிந்தது. போஸ்டரைச் சுருட்டிப் பலகைக்கு அடியில் செருகிவிட்டு, முந்தினநாள் போஸ்டரையே மறுபடி மாட்டினார். மனித வேலைகளை இயந்திரம் பறிக்குமா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

“என்னண்ணே, ஊசுனதைத் தொங்கவிட்டிருக்கீக? உலகத்துக்கு இன்னிக்கு லீவா?” என்று ஜீப்பிலிருந்து ஒச்சம்மாள் சத்தம் போட்டாள். அவர் அதற்குள் கடைக்குப் பின்னால் போய், மகனைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். “கன்ஃபர்ம் ஆனதும் நாங்களே கூப்பிடுறோம் சார்” என்றார்கள். மகன் போன் அணைந்து கிடந்தது. அவர் முன்பக்கம் வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். தான் மேலாகச் செருகிய போஸ்டரைக் காணோம்.

அட கூறுகெட்ட மனுஷா, ஒளித்துவைக்க உனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை! தினமும் அவள் கை நுழைகிற இடம் அது. ஒச்சம்மாளின் போனுக்கு அடித்தார். கேரள எல்லை தாண்டினால் டவர் இல்லை. பஸ் ஏறி மேலே போகலாமா என்று எழுந்தார், போய் என்ன சொல்வது என்று உட்கார்ந்தார். அதற்குள் பேப்பர் வாங்கக் கூட்டம் வந்துவிட்டது. எட்டு மணிக்கெல்லாம் ஒரு பிரதி மிச்சமில்லை. அவர் மகனின் கதி என்ன என்று அவரிடமே வாங்கிக்கொண்டு போனார்கள். யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

சாயந்திரம் ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கிய ஒச்சம்மாள் நேராக அவரிடம் வந்தாள். “அண்ணே, சோத்துக்கு உக்காரைல நம்மகூடக் காயெடுக்கிற முத்துப்பிரியாப் புள்ள விரிச்சிருந்த காகிதத்தைச் சத்தமாப் படிச்சிருச்சு. சாராங்கவும் மதினி எந்திரிச்சிட்டா. ஆனா ஒரு பொட்டு அழுகலண்ணே. எனக்கு அதான் பயமா இருக்கு.”

சுந்தரம்மாள் பின்னாலேயே வந்தாள். போஸ்டரைத் தூக்குவாளிக்கு அடியில் மண்படாமல் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். பலகைமேல் விரித்து, எழுத்தின்மேல் கையை வைத்து அளந்து காட்டினாள்.

“இதுக்கா மறைச்சீங்க? பாருங்க, ஒரு சாணுக்கு மேல வருது. இம்புட்டுப் பெருசாப் போட்டா நடக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேள்வியே அவள் முகத்தில் இல்லை, ஒரு தலையாட்டல் போதும் என்றுதான் நின்றாள்.

“ஆமா” என்றார் சுருளிவேல்.

அந்த ஒரு சொல்லோடு அவருக்கு வேலை இரண்டாகிவிட்டது. மகனுக்காக உள்ளே வேக வேண்டும், அவளுக்கு முன்னால் வேகாத மாதிரி இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தார், ரசீது கொடுத்தார்கள். ஏஜென்சிக்குத் தினமும் அடித்தார், கன்ஃபர்ம் ஆகவில்லை என்றார்கள். நாலாம் நாளே போஸ்டரில் கப்பல் இல்லை. பூமியை நோக்கி விண்கல், தப்புமா மனித இனம் என்று வந்துவிட்டது. சுந்தரம்மாளோ சாரா போஸ்டரை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். ஜீப்பில் யாராவது உச்சுக் கொட்டினால், “எழுத்தைப் பாத்தீகளா, வீட்டுல வந்து அளந்து பாருங்க” என்று சண்டைக்குப் போனாள். மகன் வந்தால் கொடுக்க என்று ஏலக்காயும் வாங்கி வைத்தாள்.

ஒருநாள் அவர் மெல்ல ஆரம்பித்தார். “சுந்தரம், பெருசாப் போட்டாலும் சில நேரம் வந்து...”

“கொரோனாவைச் சொல்லப் போறீங்களா? அதுவும் மொதல்ல பொடி எழுத்துலதான வந்துச்சு?” என்று அவர் வாயைக் கட்டிப்போட்டாள். தான் போட்ட சட்டத்தில் ஓர் ஓட்டைகூட அவர் விட்டுவைக்கவில்லை.

அதிலிருந்து கட்டு வந்ததும் அவர் போஸ்டரைத் தொடுவதில்லை. முதலில் ஏழாம் பக்கத்தைப் பிரிப்பார். ஏலக்காய்த் தோட்டத்தில் காட்டுமாடு, கிணற்றில் தவறி விழுந்தவர், வளைவில் ஜீப் கவிழ்ந்து மூவர் காயம் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படிப்பார். கப்பல் இல்லையென்றால் அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் மூச்சு வரும். அவருக்கே அந்தச் சட்டத்தில் நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் கொடுமை.

பத்தொன்பதாம் நாள் அது இருந்தது.

ஏழாம் பக்கம், இடது ஓரம், கீழே. கறிக்கோழி விலைக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவில். தேடுதல் முடிந்தது, கோல்டன் சாராவில் இருந்த பதினாலு தமிழரும் இறந்ததாகக் கப்பல் நிறுவனம் அறிவித்துள்ளது. அவ்வளவுதான். ‘லாம்’ ஒன்றுகூட இல்லை. ஏஜென்சிக்காரன் போன் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

இவளை முதலில் ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. இன்றைக்கு ஒருநாள், இந்த ஒருநாள் மட்டும் அவள் பிள்ளை உயிரோடு இருக்கும் மலைக்குப் போய்வரட்டும் என்று நினைத்தார். பேப்பரை மடிக்கப் பார்த்தார், கை ஓடவில்லை. விரல் அந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்றது.

சுந்தரம்மாள் தூக்குவாளியை வைத்துவிட்டுப் பலகைக்கு அடியில் கையை விட்டாள். நிமிரும்போது அவரைப் பார்த்தாள். தட்டியில் போஸ்டர் ஏறவில்லை. 2050-ல் உலகம் எப்படி இருக்கும் என்று அது தரையில் சுருண்டு கிடந்தது.

“என்ன பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. ஏலக்கா ரேட்டு.”

அவள் கிட்டே வந்தாள். ஏலக்காய் விலை எந்தப் பக்கத்தில் கட்டம் கட்டி வரும் என்று காயெடுக்கிறவளுக்குத் தெரியாதா? அவர் விரலைப் பார்த்தாள். விரலுக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த எழுத்தைப் பார்த்தாள்.

“பொடி எழுத்தா?” என்றாள்.

ஜீப்பிலிருந்து மகாராஜன் ஹாரன் அடித்தார். ஒச்சம்மாள், “மதினி, நேரமாச்சு” என்று கூப்பிட்டாள். சுந்தரம்மாள் திரும்பவில்லை.

“எத்தனை வரி?”

“மூணு” என்றார் அவர்.

அவள் ஜீப்பில் இருந்த ஒச்சம்மாளைப் பார்த்தாள், மறுபடி பேப்பரைப் பார்த்தாள்.

“ஒச்சம்மா வீட்டுக்காரருக்கே நாலு வரி போட்டாங்களே” என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.