கயிற்றைப் பார்த்து ஓட்டியது

கண் டாக்டர் சொன்னதைத் தம்பியிடம் மட்டும்தான் சொன்னேன். பார்வையின் ஓரங்கள் இருண்டு வருகின்றன, போனது திரும்பாது, நேராகத் தெரிவது மட்டும் இன்னும் கொஞ்ச காலம் மிஞ்சும், இந்த வருடத்தோடு வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். காரோடு ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவன் என் பந்தயக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அப்போ இந்த வருஷம் நீதான் ஜெயிக்கணும் அண்ணா" என்றான். வேறு யாராவது என்றால் ஆறுதல் சொல்லியே கொன்றிருப்பார்கள்.

அமெச்சூர் பந்தயம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மண்ணில் வளைந்து நெளிந்து ஒரு பாதை, ஒரு நேரத்தில் ஒரே கார், சீக்கிரம் முடிப்பவனுக்குப் புள்ளி. வருடத்தில் நான்கு பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டி ஒருவனைச் சாம்பியன் என்பார்கள். பாறசாலையில் தண்ணீர்ப் பம்பு விற்கும் கடையில் நிற்கும் எனக்கு அந்தப் பெயர் மேல் அப்படி ஒரு வெறி. வேறு எதிலும் எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. அந்த வருடம் மூன்று பந்தயம் முடிந்தபோது நான்தான் முன்னால் இருந்தேன்.

நான்காவது, பெருங்கடவிளைப் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவுக்குப் போட்டிருந்த நிலத்தில். ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு வராமல் கிளம்பினதால் அம்மா முகம் கொடுக்கவில்லை. அங்கே போய் இன்ஜினைச் சூடாக்கினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. ரேடியேட்டர் ஹோஸில் கீறல். மாற்று ஹோஸ் கொண்டுபோகவில்லை.

எங்கள் ஊரில் எந்தக் குழாய் கீறினாலும் மருந்து ஒன்றுதான். தம்பி பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினான். மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளிலிருந்து ரப்பர் பாலை வடித்து வந்தான். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைக் கிழித்து, பாலில் முக்கி, கீறல் மேல் சுற்றிச் சுற்றிக் கட்டினான்.

"ஒண்ணும் பேடிக்காண்டாம். வாழைக்குத் தண்ணி விடுற ஹோஸு இதுலதான் நிக்குது. இதும் நிக்கும் ஆக்கும்."

வாழைக்குப் போகும் தண்ணீர் பச்சைத் தண்ணீர், இதில் ஓடுவது கொதிக்கிற தண்ணீர் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, நாள் முழுக்கப் பம்பும் குழாயுமாகக் கிடக்கும் எனக்கும் தோன்றவில்லை.

"நான் கடைசி வளைவுக்கு நேரே நிப்பேன்" என்றான். "புகை கண்டா ரெண்டு கையையும் தூக்குவேன். உடனே நிறுத்திரணும். மத்தியானம் இன்னொரு ஓட்டம் உண்டு."

டாக்டர் சொன்ன நாளிலிருந்து எல்லாப் பந்தயத்திலும் எனக்கு நேரே நிற்பதுதான் அவன் வழக்கம்.

மூன்று சுற்று ஓட வேண்டும். முதல் இரண்டும் நான் வாழ்நாளில் ஓட்டாத ஓட்டம். கார் என் மனதுக்கு முன்னால் திரும்பியது. மூன்றாவது சுற்றில் ஏதோ தீயும் வாடை வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சூட்டு முள்ளைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும், குனிந்தால் பாதை போய்விடும். நேரே பார்த்தேன். தம்பி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பு மட்டும் இருந்தது. கையைத் தூக்க அங்கே யாரும் இல்லை, அதனால் காருக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை என்று மிதித்தேன்.

கடைசி வளைவில் இன்ஜின் இறுகி நின்றது.

முன்னால் எல்லாம் வெள்ளை ஆவி. இடப்பக்கத்திலிருந்து தம்பி ஓடி வந்திருக்கிறான். பானட்டுக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தான்.

"ரெண்டு கையும் தூக்கிட்டுத்தானே நின்னேன் அண்ணா! காணல்லியா?"

கேட்டு முடிக்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. பந்தயம் நடத்துகிறவர்கள் தூசிக்காக எல்லாரையும் இடப்பக்கத்து மேட்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். பரபரப்பில் இவனும் போய்விட்டான். "மறந்து போச்சு அண்ணா" என்று அத்தனை பேர் முன்னால் அழுதான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண் மேல் வந்தது, கடவுள் மேல் வந்தது, அந்த வாழைத்தோட்டத்து ஹோஸ் மேல்கூட வந்தது. மத்தியான ஓட்டத்தில் வேறொருவன் சாம்பியன் ஆனான்.

கயிறு கட்டி இழுக்கும் காருக்கும் ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் ஜீப்பைத் தம்பி ஓட்டினான். "மெல்லத்தான் போவேன். நீ கயித்த மட்டும் பாத்துக்க" என்றான். கயிறு நேராக இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை எல்லாம் இரண்டு பக்கமும் இருட்டாகக் கடந்து போயின. அவன் பிரேக் போட்டபோது நானும் போட்டேன்.

வீட்டு முற்றத்தில் அவன் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தான். நான் இறங்கவில்லை. இறங்கினால் இனி இந்தப் பக்கத்துக் கதவு வழியாக ஏற மாட்டேன் என்று தெரியும். முன்னால் வெறும் சுவர். எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ. தம்பி இடப்பக்கத்தில் ஏறி என் அருகில் உட்கார்ந்ததைக் கதவு சாத்திய சத்தத்தில்தான் அறிந்தேன்.