விரலாட்டு வைத்தியம்

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிய ஹென்றிக்கு, கீழே நிற்கிற எவனும் ஒரு பொருட்டே இல்லை. அவனுக்குக் கை காட்டுகிற வேலை சைமனுடையது. சைமன் விரலை நீட்டும் பக்கம் பெட்டியைத் திருப்ப வேண்டும். விரல்களை மூடினால் நிறுத்த வேண்டும்.

"நேத்து வந்த பையன் எனுக்குக் கை காட்றான், பாரு!" என்று ஹென்றி கேபினிலிருந்து காறித் துப்பாத நாள் கிடையாது.

போன ஆடி மாதம், கடல்காற்றில் ஆடிய பெட்டி சைமனை அடுக்கி வைத்திருந்த பெட்டிகளோடு சேர்த்து நசுக்கியது. "தப்பா கை காட்டிட்டான், நான் இன்னா பண்றது?" என்று ஹென்றி விசாரணையில் சொன்னான். டோல்கேட் டீக்கடையில் சொன்னான். சைமனின் பிணத்தருகே அவன் மனைவி ஆன்சி உட்கார்ந்திருந்தபோது, அவள் காதில் விழுகிற மாதிரியும் சொன்னான். மனுஷனா அவன்!

அதற்குப் பிறகு யார் கையைத் தூக்கினாலும் அவனுக்கு நெஞ்சு படபடத்தது. சர்ச் பூசையில் சாமியார் ஆசீர்வாதம் கொடுக்கக் கையை உயர்த்தியதும் எழுந்து வெளியே ஓடினான். கிரேன் ஏணியில் பாதியில் உறைந்து நின்றவனை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நிர்வாகம் அவனை வாசல் காவலுக்குப் போட்டது. மனநல ஆலோசகர் சரியென்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கேபின்.

ஆலோசகர் கார்குழலி சின்னப் பெண். நடந்ததை மனதில் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவன் முகத்துக்கு எதிரே இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்டுவாள். அவன் தலையைத் திருப்பாமல் கண்ணால் பின்தொடர வேண்டும். பிறகு விரல்களை மூடி, "இப்ப என்ன தோணுது சார்?" என்பாள். கடைசியில் வேதனை எவ்வளவு என்று கேட்பாள். இல்லவே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாதென்றால் பத்து.

"இந்தாம்மா, கொயந்தைக்கு கிலுகிலுப்பை ஆட்ற மாரி ஆட்டிகினு கீறே. இத்துக்கு ஒரு படிப்பு வேறயா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்படத் தெரியாதவள் என்று அதற்கும் அவளை மட்டமாக நினைத்தான். "சைபர்" என்று வீம்பாகச் சொல்வான். அவள் நம்பாமல் அடுத்த வாரமும் வரச் சொல்வாள். "இன்னா மாமு, கண்ணு ஆட்டி முட்ச்சியா?" என்று வாசலில் கூடக் காவல் நிற்கிற நீலமேகம் சிரிப்பான்.

அறிக்கை எழுதுகிற நாளும் வந்தது. இன்றைக்குக் கொஞ்சம் பணிவாகச் சைபர் சொல்லி, கேபினைப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனான்.

அவள் விரலை ஆட்டினாள். மூடினாள். பிறகு கேட்டாள்: "நான் நிறுத்தினப்புறமும் உங்க கை நிக்கல. கவனிச்சீங்களா சார்?"

ஹென்றி குனிந்து பார்த்தான். தொடைமேல் அவன் வலது கை இல்லாத லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்படியே விடுங்க. இன்னொரு தரம் பார்க்கலாம்."

விரல்கள் போய்வந்தன. மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. சைமனின் கை தெரிந்தது. நீட்டிய விரல் எதுவுமில்லை. கையை உயரத் தூக்கி, விரல்களை இறுக மூடி, வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தான். பட்டப்பகலில், பளிச்சென்று. ஹென்றி அதை அன்றைக்கே பார்த்திருந்தான். பார்த்துவிட்டு, "மேல கீற எனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிச்சா?" என்று முனகிக்கொண்டே லீவரைத் தள்ளியிருந்தான். அதற்கப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, பொய்யைத் தானே நம்பத் தொடங்கியிருந்தான்.

கார்குழலி விரல்களை மூடினாள். ஹென்றியின் கை நின்றது.

"இப்ப எவ்வளவு சார்?"

சைபர் என்ற ஒரு சொல்லில் கேபின் அவனுடையது.

"பத்து" என்றான்.

அவள் தண்ணீர் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அவன் ஸ்டாப்புன்னுதாம்மா காட்னான். ஆன்சியாண்ட நானே போய் சொல்லணும்."