மூன்றாம் தரம் சொல்லாத சொக்கம்மாள்

இன்று காலை நான் பார்த்துவிட்டு வந்தது சொக்கம்மாளை! எண்ணூர் முகத்துவாரத்தின் பக்கம், மீன் ஏலக் கொட்டகைக்கு உள்ளே அல்ல, வெளியே, கொதிக்கிற மணலில். நான்கு மூங்கில் நட்டு, மேலே ஒரு பழைய படகுப் பாய்த் துணியை இழுத்துக் கட்டி, அதன் அடியில் நின்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். நேற்று வரை கொட்டகைக்குள் சிமெண்டுத் தரையில் நின்றவர். ராயபுரம் திரும்பியதும் சாப்பிடக்கூட உட்காராமல் ஸ்டென்சில் தாளைத் தட்டச்சு மெஷினில் மாட்டிவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரம். பாதி கோபம், பாதி சந்தோஷம்.

எங்கள் ஞாயிறு அறிவியல் கூட்டத்துக்கு இதுவரை வராதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருக்கிற ஹென்றி அண்ணன்தான் இதை ஆரம்பித்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்கு ரயில் ஏறுவார். காலையில் கழிமுகத்தில் நடை. அலையாத்தி வேர், சேற்றில் துள்ளுகிற மீன், ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு என்று பார்த்துக்கொண்டே போவோம். மாலையில் யாராவது ஒரு பேராசிரியரையோ டாக்டரையோ அழைத்து வந்து குப்பத்து மக்களோடு சேர்ந்து ஒரு பேச்சு. மண்டபத்துக்கு எங்கே போவது? ஏலக் கொட்டகை சாயங்காலம் காலியாகத்தான் கிடக்கும். ஐஸ் வியாபாரி செல்வநாதனுக்குச் சொந்தமானது. கேட்டதும் கொடுத்தார். பாய்த் துணிதான் திரை. கூட்டம் முழுக்க மீன் வாசனை. சில பேராசிரியர்கள் கைக்குட்டையோடுதான் பேசினார்கள்.

முதல் கூட்டத்தில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சொறி மீன் என்கிற ஜெல்லி மீனைப் பற்றிப் படம் காட்டிப் பேசிய பேராசிரியர், "இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்று கும்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் இன்னொரு முறை கும்பிட்டார். ஜனம் அப்படியே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. அவர் பயந்துபோய் ஹென்றி அண்ணனைப் பார்க்க, அண்ணன் எங்களைப் பார்க்க, கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"யாரும் மூணு தரம் சொல்லவே இல்லியே! எப்டி முடியும்?"

அந்தக் கொட்டகையில் அதுதான் சட்டம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூறாமல் எந்தக் குவியலும் முடிந்ததில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். சந்தைக் கூச்சல். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். காலையில் அங்கே ஏலம் போடுகிறவர். நாற்பதைத் தாண்டிய வயது, கட்டைக் குரல், இடுப்பில் சொருகிய சேலை. ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் படபடவென்று தட்டினார்.

"ஏய், இன்னா பேஜாரு பண்ணிகினு கீறீங்க? ஒருத்தர் ஒருத்தரா கேளு! வாத்தியாரே, நீ குந்து. நான் சொல்ற வரைக்கும் உனக்கு வூடு கெடையாது."

அவர்தான் சொக்கம்மாள். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் அவர்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. யாருக்கும் மறுக்கத் தைரியமும் இல்லை. ஒருவர் கேள்வி கேட்டால், பதில் வந்த பிறகு கேட்டவரைப் பார்ப்பார். "புர்ஞ்சுதா?" என்பார். தலையாட்டினால் மூன்று தரம் கூறிக் கூடையில் ஒரு தட்டு. அந்தக் கேள்வி தீர்ந்தது. தலையாட்டாவிட்டால் பேராசிரியர் மறுபடி சொல்ல வேண்டும். நட்சத்திரங்களைப் பற்றிப் பேச வந்த ஒருவரை, "இவ்ளோ பெரிய வார்த்தைய கவுத்துக் காட்டு வாத்தியாரே, உள்ள இன்னா கீதுன்னு பாப்போம்" என்று மூன்று முறை சொல்லவைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விஞ்ஞானமும் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டார். பதில் வந்ததா வரவில்லையா என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குழாய் வந்தது.

கழிமுகத்தின் கரையில் புதிதாக ஒரு தொழிற்சாலை. பெயர் போடவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு ஞாயிறு நடையில் அதன் சுவரிலிருந்து சேற்றுக்குள் இறங்கியிருந்த பெரிய குழாயைப் பார்த்தோம். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மேலே நுரை. சுற்றி ஒரு கொக்குகூட இல்லை. ஹென்றி அண்ணன் தொழிற்சாலைக்கே போய், உங்கள் அதிகாரி ஒருவர் எங்கள் கூட்டத்தில் வந்து பேச வேண்டும் என்று அழைத்தார். அவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். ஜீப்பில் வந்தார் அதிகாரி. கூடவே ஆளுக்கொரு லட்டுப் பொட்டலம். நாடு முன்னேறுவதைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். முடித்ததும் மங்கை எழுந்தாள். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் புண்.

"சார், உங்க பைப்புல வர்ற தண்ணியில இன்னா கீது?"

"அது சுத்திகரிக்கப்பட்ட தண்ணீர் அம்மா. பயப்படத் தேவையில்லை."

"பயம்னு நான் சொல்லல சார். இன்னா கீதுன்னு கேட்டேன்."

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குப் புரியாது."

சொக்கம்மாள் கூடையைத் தட்டினார். "புரியறது புரியாதது எங்க பாடு சார். நீங்க சொல்லுங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நன்றி சொன்னார். எழுந்தார். சொக்கம்மாள் குரலை உயர்த்தவே இல்லை.

"மங்கையோட கேள்வி, ஒரு தரம். மங்கையோட கேள்வி, ரெண்டு தரம்." அதோடு நிறுத்தினார். "லட்டு நல்லாகீது சார். பதில் எங்க? மூணாவது தரம் நான் சொல்லல. கூட்டம் முடியல."

ஜீப் போய்விட்டது. ஜனம் கலைந்தது. ஆனால் கூட்டம் முடியவில்லை! அடுத்த மாதம் பாம்புக் கடியைப் பற்றிப் பேச ஒரு டாக்டர் வந்திருந்தார். அவரைப் பேசவிடாமல் சொக்கம்மாள் முதலில் எழுந்து கூடையைத் தட்டினார். "மங்கையோட கேள்வி. பைப்புத் தண்ணியில இன்னா கீது? ஒரு தரம். ரெண்டு தரம்." கூடையின் மேல் கையை அப்படியே வைத்திருந்தார். "சரி, நிக்குது. இப்ப டாக்டரு பேசட்டும்."

அதற்கடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும். எந்தப் பேச்சுக்கும் முன்னால் அந்தக் கேள்விதான். ஹென்றி அண்ணன் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, தெரிந்த கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் கொண்டுபோனார். உள்ளே என்ன தயாரிக்கிறார்கள், எதைக் கலக்கிறார்கள் என்று சொன்னால்தான் எதைத் தேடுவது என்று தனக்குத் தெரியும், அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றுவிட்டார் அவர். அண்ணன் சோர்ந்துபோய் வந்து சொன்னார். சொக்கம்மாள் சிரித்தார்.

"இதுக்கு ஏன் ஹென்றி மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? கூடைய கொண்டாந்தவன்தானே கவுக்கணும்? கவுக்காத கூடைய நான் ஏலம் போட்டதே கெடையாது. மேல நல்ல மீன வெச்சி, அடியில கலீஜ வெச்சிகினு வர்றவன நான் எத்தினி பேர பாத்துகீறேன்!"

மாதாமாதம் கூட்டம் பெருகியது. திருவொற்றியூரிலிருந்து வந்தார்கள், மணலியிலிருந்து வந்தார்கள். தொழிற்சாலைக்கும் செய்தி போயிருக்க வேண்டும். சென்ற வாரம் செல்வநாதன் சொக்கம்மாளைத் தேடி வந்தார். தொழிற்சாலை கேண்டீனுக்கு மீனும் ஐஸும் கொடுக்கிறவர் அவர்தான் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்த. வர்ற ஞாயித்துக்கெழம மூணு தரம்னு சொல்லி முடிச்சிடு. அந்த ஆபீசரும் வர்றாரு. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"பதிலு?"

"அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம்கா."

"பதில் வராம மூணு தரம் சொன்னா வெறுங்கூடைய வித்த மாரி நைனா. அப்பறம் என் வாயி எதுக்கு?"

செல்வநாதன் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, குரலே உள்ளே போய்விட்டது. "சொல்லலன்னா கொட்டாய்ல உனக்கு எடம் கெடையாதுக்கா. நான் வேற ஆள வெச்சிக்க வேண்டிதான்."

அவ்வளவுதான். சொக்கம்மாளுக்கு வேறு தொழில் இல்லை. புருஷன் எப்போதோ ஊரைவிட்டே போய்விட்டவன். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அந்த நிழலும் சிமெண்டுத் தரையும் அவர் குரலும்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியக் காரணம். மங்கையே வந்து அழுதாள். "நான் கேட்டதே தப்புக்கா. வுட்டுடு. கையி ஆறிடும்." சொக்கம்மாள் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். "கேள்வி உன்துடி. கூடை என்து. உன் வேலைய பாத்துகினு போ."

நேற்று கொட்டகையில் நிற்க இடமில்லை. முன்வரிசை நாற்காலியில் அதிகாரி. பக்கத்தில் செல்வநாதன். இந்த முறை லட்டு இல்லை. சொக்கம்மாள் முகம் கழுவி, பூ வைத்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். சொன்னாலும் அவரைக் குறை சொல்ல நான் யார் என்றும் நினைத்தேன்.

கூடையைத் தட்டினார். "மங்கையோட கேள்வி. பைப்புத் தண்ணியில இன்னா கீது? ஒரு தரம்."

அதிகாரி கால் மேல் கால் போட்டார்.

"ரெண்டு தரம்."

செல்வநாதன், சொல்லு அக்கா என்பதுபோல் தலையை ஆட்டினார். சொக்கம்மாள் குனிந்து அந்தக் கூடையை எடுத்தார். இத்தனை நாளாகக் கவிழ்ந்தே கிடந்த கூடை. அதை நிமிர்த்தி, அதிகாரியின் முகத்துக்கு நேரே உள்பக்கத்தைக் காட்டினார்.

"பாருங்க சார். என் கூடையில ஒண்ணும் இல்ல. இப்ப உங்க கூடைய கவுங்க."

போய்க் கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். மூணு தரம் சொல்லவில்லை!

அதிகாரி எழுந்து போனார். செல்வநாதன் கிட்டே வந்து, "நாளையிலேர்ந்து..." என்று ஆரம்பித்தார். "தெரியும் நைனா. இந்தா கொட்டாய் சாவி, நீயே வெச்சிக்க" என்றார் சொக்கம்மாள். எங்கள் திரையாக இருந்த பாய்த் துணி மங்கை வீட்டுடையது. அவள்தான் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

அந்தத் துணிக்கு அடியில்தான் இன்று காலை சொக்கம்மாள் நின்றுகொண்டிருந்தார். எல்லாப் படகும் அவரிடம் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? நிறையப் பேர் தலையைக் குனிந்துகொண்டு கொட்டகைக்கே கூடையைத் தூக்கிப்போனார்கள். ஐஸ் அங்கேதான் இருக்கிறது. சொக்கம்மாளிடம் வந்தது ஒரு கட்டுமரமும், எத்திராஜ் என்கிறவரின் விசைப்படகும் மட்டும்தான். "வெயில்ல மீன் கெட்டுடுமே அக்கா" என்றேன். "அதான் சீக்கிரமா விக்கிறேன்" என்றார். தொண்டை கட்டியிருந்தது. ஆனால் கண்ணில் சிரிப்பு.

சங்கரா மீன் குவியலை ஏலம் போட்டுக்கொண்டிருக்கும்போது எத்திராஜ் நடுவில் கத்தினார்: "அக்கா, பைப்புத் தண்ணி ஒரு தரம்!"

"ரெண்டு தரம்!" என்றார் சொக்கம்மாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கொட்டகைக்குள்ளிருந்து, அவருடைய இடத்தில் புதிதாக நிற்கிறவனின் பக்கத்திலிருந்தே, யாரோ எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதம் காத்திருக்கப்போவதில்லை, வரும் ஞாயிறு மாலையே, திறந்த மணலில். பேசப்போவது நண்டுகளைப் பற்றி. கொட்டகையில் அல்ல, மறந்துவிடாதீர்கள். எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கிக் கடல் பக்கமாக நடந்தால், நாலு மூங்கில் மேல் ஒரு பாய்த் துணி பறக்கும். சொக்கம்மாள் "ரெண்டு தரம்" என்று நிறுத்தும்போது சுற்றிலும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இப்போது முக்கியம். நீங்களும் வந்து உட்காருங்கள். முடிந்தால் காலையிலேயே வந்து அவரிடம் ஒரு கூறு மீன் வாங்குங்கள். இந்தத் தாளைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், பட்டறையில் ஒட்டுங்கள், ரயிலில் விட்டுவிட்டு இறங்குங்கள். பைப்புத் தண்ணியில இன்னா கீது என்று ஒருவராவது புதிதாகக் கேட்கட்டும்.