ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்த வண்டி

பட்டறையில் எல்லோரும் அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். டாக்டர் என்றால் தலைக்கனம் ஏறிவிடும் என்று வேண்டுமென்றே ஒரு படி இறக்கி வைத்த பெயர். இறக்கி வைத்தும் ஏறத்தான் செய்தது. முப்பது வருட அனுபவம். தன் காதில் விழாத கோளாறு உலகத்தில் கிடையாது என்ற நினைப்பு.

வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிடுவார். வெயிலோ குளிரோ, இஞ்சின் சத்தம் கேட்டாக வேண்டும்.

அவருக்குப் பிள்ளை இல்லை. தங்கையின் நாலு வயது மகள்தான் உலகம். "மருமகளே" என்று அவர் கூப்பிட்டால், "என்ன மாமா" என்று அது இடுப்பில் கைவைத்து நிற்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். சனிக்கிழமைதோறும் தங்கை, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரும் மூன்று மணி நேரம் மலைப்பாதையில் போவார்கள், இருபத்தெட்டு வருடப் பழைய காரில். அவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் பொறுப்பு என்று கம்பவுண்டர் தானாகவே தலையில் ஏற்றிக்கொண்டார்.

"மச்சான், ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. நின்னா உதறுது," என்று மாப்பிள்ளை முதல்முறை வண்டியைக் கொண்டுவந்தபோது பிளக்குகளை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஜன்னல்களை இறக்கி ஒரு சுற்று ஓட்டினார். உதறல் குறைந்திருந்தது. இரண்டே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. இந்தமுறை தங்கையும் கூட வந்திருந்தாள்.

"அண்ணே, இதுல ஏறினாலே எனக்குத் தலை வலிக்குது. பாப்பா ஏறின கொஞ்ச நேரத்துல தூங்கிடுறா. இறங்கினதும் வாந்தி எடுக்குறா."

"உன் புருஷன் ஓட்டுற லட்சணத்துக்குக் கல்லுக்கே வாந்தி வரும். நீ இஞ்சினப் பத்தி ஏதாவது இருந்தா சொல்லு."

மாப்பிள்ளை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் நிழலில் நின்றாள்.

அன்று பெட்ரோல் பம்பை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் முறை, ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி ஏற்றத்தில் ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஏறியது. கம்பவுண்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். நான்கும் ஒன்றுபோல இருந்தன. டைமிங் சரியாக இருந்தது. கடைசியில் காருக்கு அடியில் படுத்து, சைலன்சருக்கு முன்னால் புகைக்குழாயின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். இஞ்சின் காது கிழிய முழங்கியது. சைலன்சருக்குள் ஒரு தகடு துருப்பிடித்து உடைந்து, புகை போகும் வழியை அடைத்திருந்தது.

"மூச்சு விடவே வழியில்லை மாப்ள. அப்புறம் எங்க இழுக்கும்?"

புது சைலன்சர் திங்கட்கிழமைதான் வரும். எப்படியும் தூக்கிப் போடப்போவதுதானே என்று பழையதையே, இணைப்புக்கு நடுவே வைக்கும் நைந்துபோன கேஸ்கட்டையே வைத்து முடுக்கினார். முடுக்கும்போது இணைப்புக்கு மேலே காரின் அடித்தகட்டில் கரி படிந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்திலேயே ரப்பர் மூடி விழுந்துபோன ஓர் ஓட்டை. கட்டைவிரலால் கரியைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். அவர் தேடியது வண்டி ஏன் இழுக்கவில்லை என்பதை மட்டும்தான். அது கிடைத்துவிட்ட மிதப்பில் கண்முன் இருந்ததைக் கோட்டைவிட்டார். ஜன்னல்களை இறக்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"மெதுவா போங்க. இழுக்காது, ஆனா வழியில நிக்காது."

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை கொட்டியது. பத்து மணிக்கு வேறொருவரின் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காரின் சொந்தக்காரர் நெளிந்தார்.

"சீட்டெல்லாம் நனையுதுங்க. கண்ணாடிய ஏத்திக்கலாமே? மழையில யாராவது இப்படித் திறந்து போட்டு ஓட்டுவாங்களா?"

யாரும் ஓட்டமாட்டார்கள். மலைப்பாதையில் இந்த மழையில், கைக்குழந்தை மாதிரி பொத்தி வளர்க்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, யாரும் திறந்து வைக்கமாட்டார்கள். பின்னால் வெளியேற முடியாத புகை அந்த நைந்த இணைப்பில் கசிந்து, ஓட்டை வழியாக உள்ளே ஏறும். அதிலிருக்கும் விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது, சத்தமும் கிடையாது. தலைவலி, தூக்கம், வாந்தி. தங்கை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். கம்பவுண்டர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். வண்டியை ஓரம்கட்டி இறங்கினார்.

மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. தங்கையின் போன் கடைசி மணி வரை அடித்தது. இரண்டாம் முறைதான் எடுத்தாள்.

"அண்ணே..." குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"வண்டிய நிறுத்தச் சொல்லு. கதவெல்லாம் திற. எல்லாரும் இறங்குங்க."

"மழை பெய்யுதுண்ணே. பாப்பா தூங்குறா."

"நிறுத்தச் சொல்லுடி. உள்ள விஷப்புகை."

பிரேக் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மாப்பிள்ளை குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். தங்கை, "கண்ணத் திறக்க மாட்டேங்குறா," என்றாள். பிறகு மழைச் சத்தம் மட்டும். கம்பவுண்டர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நடுத்தெருவில் நனைந்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

ஓர் இருமல். பிறகு குழந்தை வாந்தியெடுத்தது, வீறிட்டு அழுதது.

"கொண்டுபோய் ஆஸ்பத்திரியில காட்டு. வேற வண்டியப் பிடி. இதுல ஏறாதீங்க," என்றார். "நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் சிரிச்சேன்."

அழுகிற குழந்தையைத் தங்கை தட்டிக்கொடுப்பது கேட்டது.

"பயமாத்தான் இருந்துச்சுண்ணே," என்றாள். "நீ பார்த்த வண்டியாச்சேன்னு ஏறினோம்."